மடு இருந்த மூலை

வைகாசி 26, செவ்வாய்

வெயில். காலையிலேயே மதகுக் கைப்பிடிச் சுவர் சுடுது. காத்து இல்ல.

பின்னால எந்த வருசம்னு கேட்டா அடையாளம்: தமிழு ஸ்கூட்டி வாங்கின வருசம். மாரியம்மன் கோயில் அரசமரம் காத்து மழை எதுவும் இல்லாம தானா சாஞ்ச வருசம். கொள்முதல் நிலையத்து வாசல்ல எங்க நெல்லு மூட்டையோட முளைச்ச வருசம். மடுவு மேல வீடு கட்ட ஆரம்பிச்சதும் அதே வருசந்தான்.

எனக்கு எழுதத் தெரியாது. கைநாட்டு. இந்தப் போன்ல மைக் படத்த அமுக்கிட்டுப் பேசினா அதுவே எழுதிக்கும்னு தமிழு காட்டிக் குடுத்தா. தமிழு எம் பொண்ணு. தமிழரசி. மாயவரத்துல ஆஸ்பத்திரி நர்ஸ். "மனசுல ஓடறத இதுகிட்டச் சொல்லிடுப்பா, எங்களப் போட்டு நச்சரிக்காத"ன்னா. எழுதினத என்னால படிக்க முடியாது. யாரும் படிக்கவும் வேணாம். வீட்டுல பேசினா காதுல விழும். மதகடிக்கு வந்து ஒக்காந்து பேசறேன்.

விசயம் இதான். பண்ணையார் தென்னந்தோப்புல ஒரு துண்டு கிரயம் வாங்கியிருக்கோம். தமிழும் மாப்பிள்ளையும் வாங்கினது. நல்ல மனை, ரோட்டு மேல. ஆனா என் சின்ன வயசுல அதுல பாதி மனையே இல்ல. வாய்க்கா. வளைஞ்சு ஓடும். வளைவுல ஒரு மடு. கோடையில வாய்க்கா பூரா காஞ்சு கெடந்தாலும் மடுவுல மட்டும் தண்ணி நிக்கும். பின்னால வாய்க்காவ நேரா வெட்டிட்டாங்க. வளைவத் தூத்துத் தோப்போட சேத்துட்டாங்க. மேல தென்னை வச்சாங்க. இப்ப பாத்தா தரைதான். ஒண்ணும் தெரியாது.

பூமி பூசை முடிஞ்சு அஸ்திவாரக் குழியும் தோண்டியாச்சு. வாஸ்துக்காரர் சொன்னபடி கனமெல்லாம் கன்னி மூலையில, தென்மேற்க. படுக்கை ரூம் அங்க. அதுக்கு மேல மாடி. மாடி மேல தண்ணித் தொட்டி. ஈசானிய மூலை, வடகிழக்கு, அங்க பாரம் கூடாதாம். போர் பைப்பும் தண்ணித் தொட்டிக் குழியும் மட்டும்.

கன்னி மூலையில ஒரு நாவ மரத்து அடிக்கட்டை இருந்துச்சு. ஜேசிபிக்காரன் பேத்து எடுத்துட்டான். அந்த மரத்தடியிலதான் மடு.

வர்ற திங்கக்கிழமை காங்கிரீட்.

 


வைகாசி 27, புதன்

அதே வெயில். போன் சார்ஜ் பாதி.

மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன். சொல்லாமயே இருந்திருக்கலாம்.

மாப்பிள்ளை செல்வகுமார், சிங்கப்பூர்ல வேலை. லீவுல வந்திருக்கார். காங்கிரீட் போட்டுப் பாத்துட்டு பிளைட் ஏறணும்னு இருக்கார். தங்கமான மனுசர். என்னை இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதனாலயே அவருகிட்டப் பேச பயம்.

"மாப்ள, அந்த மூலையில வேணாங்க."

"ஏன் மாமா?"

"அங்க விலாங்கு கெடக்கும்."

அவர் சிரிக்கல. மேஸ்திரி ராசாங்கம்தான் சிரிச்சார். "விலாங்குக்கும் சேத்து ஒரு ரூம் போட்டுருவோம் பெரியவரே. அட்டாச் பாத்ரூமோட."

சித்தாளு பொண்ணுங்கள்லாம் வாயப் பொத்திக்கிட்டு சிரிக்குதுங்க. எனக்கு மேல சொல்ல வரல.  வீட்டுக்கு வந்து தண்ணி குடிச்ச பிறகுதான் எப்படிச் சொல்லியிருக்கணும்னு வரிசையா வருது. இங்க சொல்லி வைக்கிறேன்.

ஒரு வாய்க்காவோட அடி எப்படி இருக்கும்னு எங்களுக்கெல்லாம் மீன வச்சித்தான் தெரியும். மேலேருந்து பாத்தா எல்லாம் ஒரே கலங்கல் தண்ணி.

மதகடி, கல்லு இடுக்கு: கெளுத்தி. பாக்காம கைய விட்டா முள்ளு.

அதுக்குக் கீழ ஓட்டம், மணலு, முழங்காலளவு: அயிரை. மணலோட மணலாக் கெடக்கும். கூடையில அள்ளி அலசினாத்தான் மீன்னே தெரியும்.

நடு ஓட்டம்: கெண்டை. புதுத்தண்ணிய எதிர்த்து ஏறும்.

கரையோரம் ஆம்பல் மண்டி தண்ணி அசையாம நிக்கிற எடம்: விரால். குஞ்சு செவப்பா மேல கொதிக்கும், தாய் அடியில காவல் இருக்கும்.

வயல் வடிகால் வந்து சேர்ற சேறு: கொரவை.

வேரு, பொந்து: விலாங்கு, ஆரா.

ஆழம்: வாளை. ஆழத்த விட்டா வாளைக்கு வேற எடம் கெடையாது.

சிலேபி மீனு அப்ப இல்ல. பின்னால வந்தது. அது எங்க விட்டாலும் குடித்தனம் பண்ணும். அத வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது.

நாவ மரத்தடியில வெளிய வந்தது என்னென்ன: விலாங்கு. விரால். வாளை. வாளை வந்துச்சே. என் கண்ணால பாத்தேன், ஒரு வாட்டி இல்ல. வாளை வந்தா ஆழம். ஆழம்னா மடு. மடுன்னா அடியில காலங்காலமா ஊறின சேறு. மேல மண்ணப் போட்டுத் தூத்தாலும் சேறு சேறுதான். பாரம் ஏற ஏற அமுங்கும்.

கீழத்தெருவுல ஒரு வீடு, குட்டையத் தூத்துக் கட்டினது. ரெண்டு மழைக்கு அப்பறம் சமையக்கட்டு மட்டும் வீட்ட விட்டுத் தனியாப் பிரிஞ்சு நிக்குது. இடுக்குல பூனை போய் வருது. அந்த வெடிப்பப் பாத்ததுலேருந்து எனக்கு இதே நெனப்பு. கன்னி மூலை ரூம்ல படுக்கப் போறது தமிழு.

மாத்திரை போட்டாச்சா இல்லையான்னு ஞாபகம் இல்ல. போட்டாச்சுன்னு வச்சிக்க வேண்டியதுதான்.


வைகாசி 29, வெள்ளி

நேத்து போன்ல பேசல. பயம். காரணம் பின்னால.

மேட்டூர்ல தெறந்துட்டாங்கன்னு டீக்கடையில பேச்சு. "நம்ம வாய்க்காலுக்கு எப்ப வரும்?" "வந்தாத்தான் வந்துச்சுன்னு." தண்ணி வாய்க்கால்ல நின்னா மனையில ஊத்து எடுக்கும், அஸ்திவாரக் குழியில தண்ணி ஊறும். அதுக்கு முன்னாடி முடிச்சிடணும்னு மாப்பிள்ளை பறக்கறார். எல்லாரும் தண்ணி வரணும்னு வேண்டிக்கிறாங்க. நான் மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுத்து வரட்டும், காங்கிரீட்டத் தள்ளிப் போட்டு யோசிக்க அவகாசம் கெடைக்கும்னு வேண்டிக்கறேன். இது தெரிஞ்சா ஊர்ல செருப்பாலயே அடிப்பாங்க.

நேத்து போன்ல பேசாத காரணம் இது. நான் மதகடியில தனியாப் பேசறத யாரோ பாத்துட்டுத் தமிழுகிட்டப் போய்ச் சொல்லியிருக்காங்க. நேத்து சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வந்தவ ஸ்கூட்டி ஸ்டாண்டு கூட போடாம என் பக்கத்துல வந்து ஒக்காந்தா.

"அப்பா. இன்னிக்கு என்ன கெழமை?"

"வியாழன். ஏன்?"

"நேத்து என்ன சாப்ட்ட?"

"நீ வச்ச புளிக்கொழம்பு. உப்பு கம்மி."

"மதகடியில யாருகிட்டப்பா பேசற?"

போன்கிட்டன்னேன். அதுக்கு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அவளே காட்டிக் குடுத்தது அவளுக்கு ஞாபகம் இல்ல. என்னைக் கிழமை கேக்கறா.

அப்பறம் பி.பி. பாத்தா. ஏறியிருக்குன்னா. "மடு மடுன்னு அவரப் போட்டுப் பயமுறுத்தாதப்பா. இதுக்குன்னு எவ்ளோ நாளா சிங்கப்பூர்ல போய்க் கெடக்கறாரு. நான் கல்யாணம் ஆனப்பவும் இப்படித்தான் பயந்த. வேலைக்குப் போனப்பவும் பயந்த. ஸ்கூட்டி வாங்கினப்ப மூணு நாள் சாப்டல."

அது உண்மை.

இன்னிக்குக் காலையில மேஸ்திரி என் மனசு ஆறட்டும்னு கன்னி மூலைக் குழியில இன்னும் ஆழமா ஒரு எடத்துல தோண்டச் சொன்னார். மாப்பிள்ளை சொல்லித்தான் செஞ்சிருக்கணும். ரெண்டு பேரு மம்முட்டி போட்டாங்க. கறுப்புச் சேறு வரும்னு நான் பக்கத்துலயே குத்துக்கால் போட்டு ஒக்காந்திருந்தேன்.

வந்தது மணலு. மஞ்ச மணலு. சின்னச் சின்னதா நத்தை ஓடு.

"பாருங்க பெரியவரே. கல்லு மாதிரி கெட்டி மணலு. இதுல மாடி என்ன, கோபுரமே வைக்கலாம்."

மாப்பிள்ளை என் தோள்ல கை வச்சார். "இப்ப நிம்மதியா மாமா?"

நிம்மதின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். எப்படி நிம்மதி. அது அயிரை மணலு. அயிரை கெடக்கிற எடத்துல வாளை எப்படி வந்துச்சு. ஒண்ணு, வாய்க்கா வெட்டினப்ப அள்ளின மணலக் கொண்டாந்து மடுவுல கொட்டித் தூத்திருக்கணும். மணலுக்கு அடியில சேறு அப்படியே இருக்கும். இல்லன்னா என் மூளையில தப்பு இருக்கணும். தமிழு கிழமை கேட்டது சரியா இருக்கணும்.

எது நல்லதுன்னு தெரியல. ரெண்டும் பயமா இருக்கு.


வைகாசி 30, சனி

வேர்வை. மழைக்கு இருட்டிட்டு ஏமாத்திடுச்சு. ரேசன்ல பாமாயில் இல்ல, அடுத்த வாரம்.

என் ஞாபகம் சரியான்னு வேற ஒரு ஆளக் கேட்டாத் தெரியும். அந்த மடுவு மீனுக்குன்னு போனவங்க யாரு யாருன்னு விரல் விட்டேன்.

சாமிக்கண்ணு. பறி முடையறவன். அவன் முடைஞ்ச பறியில உள்ள போன மீன் திரும்பி வந்ததில்ல. மஞ்சக்காமாலையில போனான்.

மாணிக்கம். ஊத்தாவ அமுக்கிப் புடிக்கிறதுல அவன மிஞ்ச ஆளில்ல. சேத்துல கூடையக் கவுத்து மேல்வாய் வழியாக் கைய விடுவான், வெறுங்கை வெளிய வராது. போன தையில பேரன் கல்யாணத்தன்னிக்குச் சாப்ட்டுட்டுப் படுத்தவன் எந்திரிக்கல.

பெரியப்பா மவன் கலியன். கொரோனா.

தங்கராசு. அவன் பாம்பக் கூட விலாங்குன்னு புடிச்சிட்டு வருவான். திருப்பூருக்குப் போய் அங்கயே செத்தான். நாங்க யாரும் போகல.

நான்.

அப்பறம் எங்க அக்கா.

அக்காதான் உள்ள எறங்கும். நாங்க ஆம்பளைங்க அஞ்சு பேரும் எதிர்க்கரையில பறியோட நிப்போம். மரம் நின்ன கரை பண்ணைத் தோப்பு. நம்ம ஆளுங்க கால் வைக்கக் கூடாது. தேங்கா திருட வந்தான்னு கட்டி வச்சிடுவாங்க. காவக்காரர் ஒருத்தர் கம்போட திரிவார். அவர் சாப்பாட்டுக்கு ஒக்கார்ற நேரம் பாத்து அக்கா வளைவுக்கு மேல கோரை மறைவுல எறங்கி முங்கும். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணியப் பாத்துக்கிட்டே நிப்போம். கலியன் அழுதுடுவான். அப்பறம் நாவ மரத்தடியில, கெளை தண்ணியத் தொடற எடத்துல, தலை வரும். வாயில ஒரு மீன், கையில ஒரு மீன். எங்க பக்கம் வீசும். திரும்ப முங்கும்.

அந்தக் கரையில நான் கால் வச்சது தமிழு மனை வாங்கின பிறகுதான்.

அக்கா உசுரோடதான் இருக்கு. திருவிடைமருதூர் பக்கம். மவன் பழனியோட. ஆனா அங்க போக முடியாது.

தமிழப் பழனிக்குக் கேட்டுச்சு அக்கா. கேட்டதுல தப்பில்ல, முறை. பொறந்தப்பவே பேசினதுதான். தமிழு படிச்சா, நர்ஸ் வேலைக்குப் போனா, செல்வகுமாரச் சொன்னா. நான் பொண்ணு பக்கம் நின்னேன். இப்பக் கேட்டாலும் நிப்பேன். கல்யாணத்தன்னிக்கு அக்கா பந்தல் வரைக்கும் வந்துச்சு. சீர்த்தட்டக் கீழ வச்சிச்சு. "இவ குடித்தனம் பண்ற வீட்டு வாசப்படிய எங்காலு மிதிக்காது"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுலயே போயிடுச்சு. தமிழோட அம்மா செத்ததுக்கு வந்து தெருவோட திரும்பிடுச்சு. வீட்டுக்குள்ள வரல. அந்தப் பேர எங்க வீட்டுல யாரும் சொல்றதில்ல. தமிழுக்குக் கோவம், எனக்கு வாய் வராது.

இப்ப அதே தமிழு வீட்டுக்கு அஸ்திவாரம் சரியான்னு அக்காகிட்டயே போய்க் கேக்கணும். நல்லா இருக்கு.

நாளைக்கு ஞாயிறு. நாளை மறுநாள் காங்கிரீட்.

"திருக்கடையூர்ல ஒரு அறுபதாம் கல்யாணம், போய்ட்டு வந்துடறேம்மா"ன்னு தமிழுகிட்டச் சொல்லி வச்சேன்.

"யாருக்கு?"

யாருக்குன்னு யோசிச்சு வைக்கல. "தெரிஞ்சவங்களுக்கு"ன்னேன். திரும்பவும் கிழமை கேப்பாளோன்னு பாத்தேன். கேக்கல.


வைகாசி 31, ஞாயிறு

பஸ்ல உக்கார எடம் கெடைச்சுது. 

அக்கா வாசல்ல ஒக்காந்து மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கண்ணு ஆப்பரேசன் பண்ணின பச்சைக் கண்ணாடி. கையெல்லாம் எலும்பு. கத்தி மட்டும் அப்படியே போகுது.

தலையத் தூக்கிப் பாத்துச்சு. எந்திரிக்கல.

"வாங்க தம்பி. வழி தவறிட்டீங்களா."

வாங்க, போங்க. என் ஆயுசுக்கும் என்னை டேய்னு தவிர சொன்னதில்ல.

"இல்லக்கா. ஒன்னத்தான் பாக்க."

"ஒக்காருங்க. காப்பி குடிப்பீங்களா, நர்ஸம்மா வேணான்னிருக்காங்களா?"

காப்பி வந்துச்சு. பழனி பொண்டாட்டி குடுத்தா. நல்ல பொண்ணு, மூணு புள்ளைங்க. பழனி லோடு ஆட்டோ வச்சிருக்கான், நல்லா இருக்கான். என்னைப் பாத்துத் தலையாட்டிட்டு வண்டியத் தொடைக்கப் போயிட்டான். அவனுக்கு ஒண்ணும் கோவம் இருக்கிற மாதிரி தெரியல. அக்காவுக்குத்தான்.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. மீனப் பாத்தேன். "என்ன மீனுக்கா?"

"ரோகு மீனாம். மீன் பண்ணையில தொட்டி கட்டி வளத்தது. எந்தத் தண்ணியில கெடந்துச்சுன்னு வாயில வச்சாக் கூடத் தெரியல. சோத்துக்குத் தொட்டுக்கற பஞ்சு."

"மடுவு வாளை ஞாபகம் இருக்காக்கா?"

கத்தி நின்னுடுச்சு.

அப்பறம் கொட்டிட்டேன் எல்லாத்தையும். தோப்பு மனை. கன்னி மூலை. மணலு வந்தது. தமிழு கிழமை கேட்டது. நாளைக்குக் காங்கிரீட். 

 அக்கா மீனத் திருப்பித் திருப்பிப் போட்டுச்சு. "பண்ணைத் தோப்புலயா வீடு?"

"ஆமா."

"நாவ மரத்துப் பக்கமா?"

"ஆமாக்கா."

"காவக்காரன் செத்துட்டானா?"

"எப்பவோ."

"இருந்திருந்தா பாத்திருப்பான்." அதுக்கப்பறம்தான் சிரிப்பு மாதிரி ஒண்ணு வந்துச்சு. "மணலு எந்த ஆழத்துல?"

கையக் காட்டினேன்.

"ஓடு இருந்துச்சா?"

"இருந்துச்சு. சின்ன நத்தை."

"டேய். நீ கரையில நின்னவன். ஒனக்கு என்னடா தெரியும்?"

டேய் வந்துடுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. காப்பி டம்ளரப் பாத்துக்கிட்டேன்.

"சொல்லுக்கா. மடு மரத்தடியிலதான?"

"இங்க ஒக்காந்து எப்படிச் சொல்றது. அதெல்லாம் காலுக்குத்தான் தெரியும், வாய்க்குத் தெரியாது. மண்ண மிதிச்சாச் சொல்வேன்."

அதோட நான் அடங்கிட்டேன். மிதிக்கமாட்டேன்னு சொன்னதும் அதே காலுதான. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சேன். அக்கா மீன் சட்டியக் கழுவிக் கவுத்துச்சு.

"வாச நெலை வச்சாச்சா?"

"இல்ல. இப்பத்தான் குழியே."

"அப்ப வாசப்படி எங்கேருந்து வந்துச்சு? வாசப்படிய மிதிக்கமாட்டேன்னுதான சொன்னேன். வெறும் மண்ண மிதிக்கமாட்டேன்னு எப்பச் சொன்னேன்?"

பழனி பக்கம் திரும்பி, "நாளைக்கு லோடு இருக்காடா"ன்னு கேட்டுச்சு.

அவன் இல்லன்னான். இருந்திருக்கும்னு நினைக்கிறேன்.

திருக்கடையூர் சாப்பாடு எப்படின்னு தமிழு கேட்டா. பாயசம் தண்ணியா இருந்துச்சுன்னேன்.


ஆனி 1, திங்கள்

மூட்டம். தூறல் கூட இல்ல.

இப்ப சாயங்காலம். மதகடி. மெதுவா, நடந்தபடி சொல்றேன்.

விடிஞ்சதும் கலவை மெசின் வந்துடுச்சு. ஜல்லி, மணலு, சிமெண்ட்டு எல்லாம் எறக்கியாச்சு. குழியில கம்பிக் கூடு நிக்குது. ஆளுங்க துண்டக் கட்டிட்டாங்க. மேஸ்திரி கற்பூரம் ஏத்திக் காமிச்சார். ரோட்டப் பாத்துப் பாத்துக் கழுத்து வலி. அக்காவக் காணோம். அக்கா வர்றத நான் வீட்டுல சொல்லல. சொன்னா தமிழு டூட்டிக்குப் போயிருக்க மாட்டா, அக்கா வந்ததும் சண்டை.

முதல் கலவை கன்னி மூலையிலதான்னாங்க. மெசினப் போட்டுட்டாங்க. அது சுத்தற சத்தம் என் நெஞ்சுக்குள்ள.

எனக்கு வேற ஒண்ணும் தோணல. குழியில எறங்கி ஒக்காந்துட்டேன். கம்பிக்குப் பக்கத்துல.

"மாமா. மாமா, மேல வாங்க மாமா."

"கொஞ்ச நேரம் மாப்ள. ஒரு ஆளு வருது."

"யாரு?"

"வரும்."

மேஸ்திரி குழியோரமா வந்து எட்டிப் பாத்தார். "பெரியவரே, அஸ்திவாரத்துல ஆளப் போட்டுக் கட்டறதெல்லாம் ராசா காலத்தோட போச்சு. மேல வாங்க."

மாப்பிள்ளை அந்தப் பக்கமாப் போய் தமிழுக்குப் போன் பண்ணினார். "நீ வந்துடு. அப்பா குழிக்குள்ள ஒக்காந்திருக்காங்க. இல்ல, விழல. ஒக்காந்திருக்காங்க." முதல் தடவையா அவர் குரல் நடுங்கிக் கேட்டேன். பாவமா இருந்துச்சு. ஆனாலும் எந்திரிக்கல.

லோடு ஆட்டோ வந்து நின்னுச்சு. பழனி எறங்கல. அக்கா முன்னாடி சீட்டுலேருந்து கைக்கம்ப ஊனி எறங்கிச்சு. ரோட்டோரத்துலயே செருப்பக் கழட்டிச்சு. மனைக்குள்ள வந்துச்சு.

யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கல. "மரம் எங்க நின்னுச்சு?"ன்னு என்னை மட்டும் கேட்டுச்சு. நான் குழிக்குள்ளேருந்து கையக் காட்டினேன். வந்து கம்பால மண்ணக் குத்திச்சு. கால் வெரல வச்சித் தேய்ச்சுப் பாத்துச்சு. குழியோரத்துல மேல போட்டிருந்த மணல அள்ளிக் கையில உருட்டுச்சு.

"இது அயிரை மணலு."

"அதான்க்கா நானும் சொல்றேன். அயிரை எடத்துல வாளை எப்படி?"

"ஒனக்கு எவன்டா வாளை இங்க இருந்துச்சுன்னான்?"

"நீ இங்கதான எந்திரிச்ச? கையில வாளையோட?"

அக்கா என்னையே பாத்துச்சு. அப்பறம் சிரிச்சுச்சு. பல்லில்லாத சிரிப்பு, அடக்க முடியாம, கம்பப் புடிச்சிக்கிட்டு.

"முங்கறது ஒரு எடம், எந்திரிக்கறது ஒரு எடம்டா. மடு அங்க. கோரைக்கு அடியில." கம்ப வடகிழக்க நீட்டிச்சு. "வாளையப் புடிச்சது, விரால் புடிச்சது எல்லாம் அங்க. அங்கயே தலையத் தூக்கினா காவக்காரன் கண்ணுல படும். மூச்சடக்கித் தண்ணி வாட்டத்துலயே வந்து இந்த மரத்து நெழல்ல எந்திரிப்பேன். இங்க தண்ணி இடுப்பளவுதான். விலாங்கு மட்டும் இந்த வேருல கெடக்கும், அதுக்கு வேரு போதும், ஆழம் வேணாம். நான் இங்க குத்துக்கால் போட்டு ஒக்காந்திருப்பேன், நீங்க ஆழம்னு நெனச்சிக்கிட்டு வாயத் தொறந்துக்கிட்டு நிப்பீங்க. கலியன் அழுவான்."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா அஞ்சு பேரும் அங்க எறங்கிடுவீங்க. அப்பறம் எனக்கு ஏது மீனு?"

இத்தினி வருசம். அஞ்சு பேரும் எதிர்க்கரையிலேருந்து தப்பாப் பாத்தோம். நாலு பேரு தப்பாப் பாத்தபடியே போய்ச் சேந்தாச்சு.

மேஸ்திரி குழியில எறங்கினார். ஒரு கம்பிய எடுத்துக் குழிக்கு அடியில, நான் ஒக்காந்திருந்த எடத்துக்குப் பக்கத்துல ஊனி சுத்தியால தட்டினார். சாண் அளவு கூட எறங்கல. கம்பியத் தூக்கிக்கிட்டு ஈசானிய மூலைக்குப் போனார். கையால அமுக்கினார். போயிட்டே இருந்துச்சு. கை தரையத் தொடற வரைக்கும் போச்சு. வெளிய இழுத்தப்ப நுனியில கறுப்பு ஒட்டியிருந்துச்சு. மோந்து பாத்தார். என் கிட்டக் கொண்டாந்து நீட்டினார். நானும் மோந்தேன். எனக்குத் தெரியும் அந்த வாசம்.

"வாஸ்துக்காரன் பொழைச்சான்"னார் மேஸ்திரி. "பாரமெல்லாம் கெட்டி மண்ணுல. சேத்து மேல பாரமே இல்ல. தண்ணித் தொட்டிக் குழிய மட்டும் இந்தாண்ட தள்ளிக்குவோம். இல்லன்னா தொட்டி அப்படியே கீழ போயிருக்கும் பெரியவரே."

மாப்பிள்ளை கை குடுத்து என்னை மேல தூக்கினார்.  அந்தப் பயம் போயிடுச்சு. ஆனா தமிழு வர்ற வழியில இருக்காளேன்னு இன்னொண்ணு வந்து ஒக்காந்துடுச்சு. அக்காவ ஆட்டோவுல ஏத்திடலாம்னு பாத்தேன். அக்கா நகரல. ஈசானிய மூலையில கண்ண மூடி நின்னுக்கிட்டு கால் வெரலால மண்ணக் கெண்டிக்கிட்டு இருந்துச்சு.

ஸ்கூட்டி சத்தம். நர்ஸ் உடுப்போடயே வந்துட்டா. என்னை மேலயும் கீழயும் பாத்தா, மண்ணத் தட்டிவிட்டா. அப்பறம்தான் அங்க நின்ன ஆளப் பாத்தா. அப்படியே நின்னுட்டா. ஆட்டோவுல இருந்த பழனியப் பாத்தா. திரும்ப அங்க பாத்தா. 

மாப்பிள்ளைக்கு அக்கா முகம் தெரியாது. கல்யாணத்தன்னிக்கு ஒரு நிமிசம் பாத்தது எங்க ஞாபகம் இருக்கப் போவுது. "யாரு மாமா இவங்க? மண்ணுக்கு அடியில இருக்கறதப் பாத்த மாதிரி சொல்றாங்க. நம்ம ஊர்லயே இந்த மடுவத் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்லையா?"

 தமிழு என்னையே பாத்துக்கிட்டு நிக்கறா. அக்காவும் கண்ணத் தொறந்துடுச்சு.

சொன்னேன். சாமிக்கண்ணு இல்ல மாப்ள. மாணிக்கம் இல்ல. கலியன் போயாச்சு, தங்கராசு போயாச்சு. நான் கரையில நின்னவன், என்னைக் கணக்குல சேக்காதீங்க. அந்த மடுவுல எறங்கினதுல இன்னிக்கு உசுரோட இருக்கிறது இது ஒண்ணுதான். எங்க அக்கா. தமிழுக்கு அத்தை. அஞ்சலை.